மூன்றாவது வரிசை

மூன்றாவது தடவையும் செடிச் சாறு விட்ட எல்லாக் குழிகளும் ஒரே பச்சையாக வந்து நின்றபோது பாரதிப்ரியா அழவில்லை. சோதனைத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நாசமாப் போ" என்றாள். யாரைச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது.

தட்டில் இரண்டு வரிசைகள். மேல் வரிசை, சாதாரணத் தண்ணீரில் வளர்ந்த நெல் நாற்று. கீழ் வரிசை, ஐந்து நாள் உப்புத் தண்ணீர் குடித்த நாற்று. இலையை அரைத்துச் சாறெடுத்து, அதில் ஏற்கெனவே கிடக்கும் பாஸ்பேட்டை வடித்து நீக்கி, மருந்தைக் கலந்தால் டைரோசின் பாஸ்பேட்டேஸ் என்கிற என்சைம் எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு பச்சை தெரியும். உப்புப் பட்ட செடியில் கரும்பச்சை. படாத செடியில் வெறும் மஞ்சள். அப்படித்தான் வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஆய்வகத்தில் கதிரவனுக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் படம் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பேராசிரியர் அம்பலவாணனின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. அதன் அடியில் நின்றுதான் அவள் தன் தட்டை நீட்ட வேண்டியிருந்தது.

"சோப்புத் தூள் போட்டுக் கழுவினியா?" என்றார் அவர். சோப்புத் தூளில் பாஸ்பேட் இருக்கும். குழாயில் துளி ஒட்டியிருந்தாலும் எல்லாம் பச்சையாகிவிடும்.

"இல்ல சார், ஆசிட்ல கழுவினேன். செடியே போடாத குழி மஞ்சளாத்தான் இருக்கு, பாருங்க. சோப்பா இருந்தா அதுவும் பச்சையாயிருக்கணும்ல?"

அவர் அந்தக் குழியைப் பார்க்கவில்லை. "சில பேருக்குக் கைராசி கிடையாதும்மா. கடலோரத்துப் பிள்ளைங்களுக்குக் கை கொஞ்சம் முரடு. தப்பாச் சொல்லல. வலை இழுக்கிற கை."

"வலை இழுக்கிறது எங்கப்பா சார். நான் இழுத்ததில்ல. இழுத்திருந்தாலும் ரெண்டு மைக்ரோலிட்டர் எடுக்கத் தெரிஞ்சிருக்கும்."

"இதான். இந்த வாய்." அவர் சிரித்தார். "உன் என்சைம் என்ன பண்ணும், சொல்லு."

"செடிக்குள்ள ஓடுற எச்சரிக்கையை நிறுத்தும்."

"செடிக்கே தெரியுது பாத்தியா, கத்திக்கிட்டே இருந்தா பிழைக்க முடியாதுன்னு. உனக்குள்ளயும் ஒண்ணு இருந்தா நல்லது." தட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஜூன் ரெண்டாந்தேதி துறை முன்னால பேசணும். அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஆய்வேடு உள்ள போகும். இல்லாட்டி அடுத்த வருஷம்."

அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. கருக்களாச்சேரியில் அவள் தெருவிலிருந்து எம்.எஸ்சி. படிக்கப் போனவள் அவள் ஒருத்திதான். அதற்கே அப்பா ஐயனார், "ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஒரு நாள் கேக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா சொன்னால் சொன்னதுதான். இந்த விஷயத்தில் மட்டும் அவள் அப்பாவைப் போலவே இருந்தாள்.

வெளியே வராந்தாவில் கதிரவன் காத்திருந்தான். பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருப்பவன். துளித்துளியாக அளக்கும் பைப்பெட்டைப் பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான், நல்லவன்தான்.

"என்னோட டிசம்பர் நம்பர் அப்படியே கிடக்கு. மேல் வரிசைல அத எடுத்துப் போட்டுக்க" என்றான் குரலைத் தாழ்த்தி. "எவன் பாக்கப் போறான்?"

"அது உங்க செடிண்ணா."

"நெல்லு நெல்லுதானே."

"அப்ப நான் நாலு மாசமா எதுக்கு வெயில்ல நின்னேன்?"

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான். போகிற முதுகைப் பார்த்தபோது, அவன் வேறு எதையோ சொல்ல வந்து விழுங்கிவிட்டுப் போகிறான் என்று அவளுக்குப் பட்டது.

அன்று மே நான்காம் தேதி. பசுங்குடில் என்று பெயர் வைத்திருந்த அந்த நெகிழிக் கொட்டகைக்குள் உச்சி வெயிலில் நின்றால் மூளை உருகி மூக்கு வழியாக வரும். துறையில் குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. ஆட்கள் போன் போட்டுக் கேன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்ட வேலை பார்க்கும் சுப்பையன் ஒரு மூலையில் ஹோஸ் பைப்பைப் பிடித்து நாற்றுத் தொட்டிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இங்க குடுங்கண்ணே" என்று பைப்பை வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

ஒரு மிடறு உள்ளே போனது. அடுத்ததைத் துப்பினாள்.

அந்த ருசி அவளுக்குத் தெரியும். சித்திரை பிறந்தால் அவள் தெரு அடிபம்பில் வருகிற தண்ணீரின் ருசி அது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. அம்மா அதை மீன் கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, சோறாக்கக் கொம்யூன் பஞ்சாயத்துத் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் போடுவாள்.

"என்னண்ணே இது, கரிக்குது?"

"போர் தண்ணிதானே?" என்றார் சுப்பையன், இதிலென்ன இருக்கிறது என்பதுபோல. "மழைக்காலத்துல இனிப்பாத்தான் கெடக்கும். மாசி தாண்டினா கடத்தண்ணி உள்ள ஏறிடும். வருஷா வருஷம் இதானே."

"சொல்லலியா யார்கிட்டயும்?"

"கேட்டாத்தானேம்மா சொல்றது? தண்ணி ஊத்துன்னாங்க. ஊத்துறேன்." தன் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலைக் காட்டினார். "நானே வீட்லேருந்துல்ல கொண்டாறேன்."

அவள் ஆய்வகத்துக்கு ஓடி ஈ.சி. மீட்டரை எடுத்துவந்து பைப்பு முனையில் வைத்தாள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சொல்கிற கருவி அது. மூன்று புள்ளி ஒன்பது. நெல்லுக்கு மூன்றைத் தாண்டினாலே நோவு ஆரம்பிக்கும். அந்த மீட்டர் அலமாரியில்தான் இருந்தது, தினமும் யாராவது தொடுவதுதான். உப்புப் போட்டுக் கலக்குகிற கரைசலை அதில் அளந்து அளந்து ஊற்றுவார்கள். நல்ல தண்ணீரை எவன் அளப்பான்? அந்தத் துறையில் வேலை பார்க்கிற பதினாறு பேரும் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துப் பல வருடம் ஆகியிருக்கும். கேன் இருக்கிறதே.

மேல் வரிசை உப்பே படாத செடி என்றார்கள். முளைத்த அன்றிலிருந்து அது உப்பில்தான் நின்றிருக்கிறது. அதைத்தான் சாதாரணம் என்று பெயர் எழுதி மேலே வைத்திருந்தார்கள். அது பச்சையாக வராமல் வேறெப்படி வரும்?

அவளுக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. 'கைராசி' என்ற சொல்தான் காதில் குடைந்துகொண்டிருந்தது.

நல்ல தண்ணீர் ஊற்றிப் புதிதாக நாற்று வளர்த்து, உப்பு வைத்து, அரைத்து, சோதித்து முடிக்க இருபது நாளுக்கு மேல் வேண்டும். கையில் இருபத்தொன்பது நாள். ஆய்வகத்தின் வடிகட்டிய தண்ணீரைக் கேட்டாள். ஒரு நாளைக்கு வருவதே ஒரு கேன், அது ரசாயனத்துக்கு மட்டும், தொட்டிக்கு ஊற்றினால் சார் தோலை உரித்துவிடுவார் என்றார்கள்.

வீட்டில் அம்மா சாரதாம்பாள் கருவாட்டைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடந்தது. பைபர் படகில் வருகிற கொஞ்ச மீனும் கரையிலேயே தீர்ந்துவிடும். அந்த இரண்டு மாதமும் அம்மா கருவாட்டைத்தான் டி.வி.எஸ். வண்டியில் வைத்துக்கொண்டு திருநள்ளாறு பக்கத்துக் கிராமங்களுக்குப் போவாள்.

"அம்மா, திருநள்ளாத்துப் பக்கம் தண்ணி எப்படி?"

"கல்கண்டு. ஏன், பொண்ணு பாக்க வர்றாங்களா அங்கேருந்து?"

"வெளையாடாத. தினம் ரெண்டு கேன் தண்ணி கொண்டாரணும் நீ. செடிக்கு."

சாரதாம்பாள் கூடையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "சோறு பொங்க நான் லாரிக்கு நாயா அலையிறேன். ஒஞ் செடிக்கு நான் கல்கண்டுத் தண்ணி சுமக்கணுமா? எந்த ஊரு மகாராணி அந்தச் செடி?"

பாரதிப்ரியா உட்கார்ந்து சொன்னாள். செடிக்கு உப்புப் பட்டால் உள்ளே ஒரு சேதி ஓடும். ஒரு புரதம் இன்னொரு புரதத்தின் மேல் பாஸ்பேட் என்கிற ஒரு துணுக்கை ஒட்டிவிடும். ஒட்டினால் எச்சரிக்கை ஏறிவிட்டது என்று அர்த்தம்.

"துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்கள்ல, அது மாதிரி. நான் படிக்கிற என்சைம் அந்தக் கூண்டை இறக்குற ஆளு. ஒட்டினதப் பிச்சி எடுத்துரும்."

அம்மா ஒரு வாளைக் கருவாட்டைத் தட்டி உப்பை உதிர்த்தாள். "இறக்காமலே இருந்தா?"

"செடி வளராது. எல்லாத்தையும் மூடி வச்சிட்டு உக்காந்திருக்கும்."

"ஆமா, கூண்டு ஏறினா நமக்கும் அடுப்பு எரியாது." கொஞ்சம் யோசித்தாள். "அவசரப்பட்டு இறக்கிட்டா?"

"செத்துரும்."

"அப்ப அந்த ஆளு பொழப்பு லேசுப்பட்டதில்ல" என்றாள் சாரதாம்பாள். "கேனை நல்லாக் கழுவிக் குடு. மூடி இறுக்கமா இருக்கட்டும். பக்கத்துல கருவாடு இருக்கும், அப்புறம் உப்பு எங்க அம்மாதான் போட்டான்னு சொல்லிப்புடாத."

மறுநாளிலிருந்து டி.வி.எஸ். வண்டியின் முன்னால் கருவாட்டுக் கூடையும் பின்னால் இரண்டு கேனும் போயின. ஒரு பம்புசெட்டுக்காரர் முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தண்ணிக்கும் கருவாட்டு வாசமா?" என்றாராம். "வாசத்துக்குக் காசு வாங்கல, பிடிச்சிக்கிறேன்" என்று அம்மா பதில் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாளாம். சனிக்கிழமை சனீஸ்வரன் கோயிலுக்குக் கூட்டம் வரும். அன்று அந்தப் பக்கம் கருவாடு போணியாகாது. சனிக்கிழமையும் அம்மா போனாள், வெறும் கேனோடு.

ஒவ்வொரு கேனையும் பாரதிப்ரியா மீட்டரில் வைத்துப் பார்த்து, தேதி போட்டு எழுதினாள். அளவு ஒன்றுக்கு மேல் ஏறியதே இல்லை.

மூன்று வரிசையாகத் தொட்டி வைத்தாள். முதல் வரிசைக்கு அம்மாவின் தண்ணீர். இரண்டாவதற்கு அதே தண்ணீரோடு, கடைசி ஐந்து நாள் உப்பு. மூன்றாவதற்குச் சுப்பையனின் ஹோஸ் பைப்.

மே இருபத்தெட்டாம் தேதி தட்டைத் தூக்கிப் பார்த்தாள். முதல் வரிசை மஞ்சள். எலுமிச்சம்பழத் தோல் மாதிரி, பளிச்சென்று. இரண்டாவது கரும்பச்சை. மூன்றாவதும் பச்சை, இரண்டாவதைவிடக் கொஞ்சம் வெளிறல், அவ்வளவுதான்.

அம்பலவாணன் தட்டைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "பாத்தியா! நான் என்ன சொன்னேன்? உப்புப் பட்டா ஏறுது. உப்பில்லாட்டி இல்ல. கதிரவன் படம் மாதிரியே இருக்கு. இதுக்குத்தான் திரும்பத் திரும்பப் பண்ணுன்னேன்."

"என் கையில தப்பில்ல சார். தண்ணியிலதான்."

"சரி, சரி. விடு." தட்டின் மூன்றாவது வரிசை மேல் பேனாவை வைத்தார். "இத எடுத்துடு."

"ஏன் சார்?"

"தேவையில்ல. மேல ரெண்டு வரிசை போதும். அழகா இருக்கு."

"மூணாவதுதான் சார் நமக்கு நெஜமா நடந்தது."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சிரிப்பு போயிருந்தது. "இங்க பாரு பாரதி. கோடையில எல்லாரும் இந்தக் குழாயத்தான் ஊத்தியிருக்கோம். அஞ்சு வருஷம். இந்த வரிசை உள்ள போனா ஒவ்வொரு பேப்பரா எடுத்துவச்சிக் கேள்வி கேப்பாங்க. நாலு பேர் பட்டம் தொங்கும். கதிரவனோடது முதல்ல. நீ உன்னோடத வாங்கிட்டுப் போயிடுவ. அவன்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்து அதற்குத் தயாராக வந்திருந்தாள். கதிரவன் முகம் கண்முன் வந்தது. பைப்பெட்டை அவள் விரலில் சரியாக வைத்து, "பயப்படாத, அழுத்து" என்று சொன்ன முகம்.

"யோசி" என்றார் அவர். "ரெண்டு வரிசைன்னா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

பேனா மூடியைத் திறந்தே வைத்திருந்தார்.

"மூணு வரிசையோட வர்றேன் சார்" என்றாள் அவள். எழுந்தாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஜூன் இரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்குக் கருத்தரங்க அறையில் துறை முழுக்க உட்கார்ந்திருந்தது. பின் வாசலில், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற சாக்கில், சுப்பையன் நின்றார். பாரதிப்ரியா வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். புயல் கூண்டைச் சொன்னாள். ஏற்றுகிற புரதம், இறக்குகிற என்சைம். அம்மாவின் கேள்வி இரண்டையும் அப்படியே கேட்டு, பதிலும் சொன்னாள். முன் வரிசையில் ஒரு அம்மாள் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். அடுத்த படம் திரையில் விழுந்தது. மூன்று வரிசைகள்.

"அந்த வரிசை வேண்டாம்னு சொன்னேன்ல?" அம்பலவாணனின் குரல் அமைதியாகத்தான் வந்தது.

"சொன்னீங்க சார். நான் எடுக்கல."

அவள் அந்தப் படத்தைத் திரையிலேயே விட்டுவிட்டு மேசைப் பக்கம் வந்தாள்.

"இது எங்க தெருத் தண்ணி இல்ல" என்று அவள் டம்ளரைத் தூக்கினாள். "நம்ம பசுங்குடில் குழாயில காலைல பிடிச்சது. மூணு புள்ளி ஒன்பதுன்னு மீட்டர் சொல்லுது. மீட்டர் என் முரட்டுக் கையில கெட்டுப்போச்சுன்னு யாரும் நினைச்சா, குடிச்சுப் பாருங்க."

"என்ன நாடகம் இது?"

"தண்ணி சார். நம்ம செடிக்கு நாம குடுத்தது. ஒரு வாய் குடிங்க."

அவர் டம்ளரைத் தொடவில்லை. யாரும் தொடவில்லை. ஒருத்தர் செல்போனைப் பார்த்தார். அவளுக்குக் கை வலிக்க ஆரம்பித்தது. கீழே வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டியபடியே நின்றாள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து கதிரவன் எழுந்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கி, மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான். முகம் கோணியது.

"கரிக்குது சார்" என்றான்.

"நீ உக்காரு கதிரவா."

"நானும் மே மாசம் ஒரு தடவை பண்ணேன் சார். டிசம்பர் செடி பண்ணதுக்கு அப்புறம். ரெண்டு வரிசையும் பச்சையா வந்துச்சு." டம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டு பேசினான். "என் கைதான் போச்சுன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்த நோட்டைத் தூக்கி உள்ள வச்சிட்டேன். இன்னும் இருக்கு."

பின் வரிசையில் ஒரு பெண், "எனக்கும் சார்" என்றாள், கேட்டும் கேட்காமலும். போன கோடையில் உளுந்தில் வேலை பார்த்தவள்.

அம்பலவாணன் எழுந்து பாரதிப்ரியாவையும் கதிரவனையும் பார்த்தார். "ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க."

"இங்கயே பேசலாம் சார்" என்றாள் பாரதிப்ரியா. "தண்ணி இங்கதானே இருக்கு."

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அவர் திரையிலிருந்த மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து, கதிரவன் மிச்சம் வைத்த தண்ணீரில் சுண்டுவிரலைத் தொட்டு, குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நாக்கு நுனியில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். நன்றாகத் துடைத்தார்.

"உன் டிசம்பர் நோட்டையும் மே நோட்டையும் தண்ணி விவரத்தோட சேர்த்து எழுதிக் கொண்டா" என்றார் கதிரவனிடம். "ரெண்டையும் போடணும்." அவளிடம் கை நீட்டினார். "ஆய்வேட்டக் குடு."

மூன்று வரிசையும் இருக்கிற பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "வேலை முடிஞ்சிது. உன் கூண்டை இனிமே இறக்கிடலாமே."

"புயல் போகட்டும் சார்."

அவர் வெளியே போனார். கைராசி பற்றிச் சொன்னதற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. அவளும் நன்றி என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இந்தத் தண்ணீர் உப்பு. இன்றைய அளவு 3.9. ஊற்றுகிறவர்கள் எழுதி வைக்கவும்.' தேதி போட்டு, பெயரும் போட்டு, பசுங்குடில் குழாய்க்கு மேலே ஒட்டினாள். சுப்பையன் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிச்சிருவாங்கம்மா."

"கிழிக்கட்டும்ண்ணே."

மறுநாள் காலையில் சுவரில் பசை மட்டும்தான் இருந்தது. பாரதிப்ரியா மீட்டரைத் தண்ணீரில் வைத்தாள். நான்கு. பையில் இன்னும் பதினொரு தாள் இருந்தது. ஒன்றை உருவி, அளவை எழுதி, பசையைத் தேய்த்து, கையால் அறைந்து ஒட்டினாள்.